காற்று வழி: உண்டு

போஸ்ட்மாஸ்டர் வீட்டு ஹாலுக்குள் காலை வைத்ததும், கூலிங் என்று ஊர் கூப்பிடும் ஏசி மெக்கானிக்கின் கண்ணில் முதலில் பட்டது ஜன்னல்தான். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, கோடுகோடாக வழிந்து, கீழே மரச்சட்டம் ஊறிப்போயிருந்தது. வெளியே எலும்பைக் குடையும் குளிர். உள்ளே சுவரோரம் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது. அதையும் அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, வந்த வேலையைக் கவனிக்கக் கதவருகே குனிந்தான்.

"கதவுக்கு அடியில இருந்து காத்து கத்தி மாதிரி வருதுப்பா. ரெண்டு நாளா காலே மரத்துப் போச்சு," என்றார் போஸ்ட்மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விடவில்லை.

"இதெல்லாம் ஒரு விஷயமா சார்? ரப்பர் பட்டை ஒண்ணு அடிச்சா தீந்துது. அப்புறம் எறும்புகூட உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரும்."

சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்த அவர் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தம்பி. குமட்டிக்கிட்டே இருக்கு. எந்திரிச்சு நின்னா கிறுகிறுன்னு வருது."

"எனக்கும் அதே கதைதான்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஆனா பேப்பர் வாங்கக் கடைக்குப் போனா சரியாயிடுது. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தா மறுபடி ஆரம்பிச்சிடுது."

"அம்மாவை விட்டுத் தள்ளிப் போனா தலைவலி போகுதுன்னா, அதுக்கு நான் என்னத்தச் சொல்றது சார்?" என்றான் கூலிங். மூன்று பேரும் சிரித்தார்கள். "ஆமாமா, இவரு வெளிய போனா எனக்கும்தான் நிம்மதி," என்று அந்த அம்மாளும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

பட்டையை அடித்து முடித்ததும் அவன் ஒரு மெல்லிய காகிதத்தைக் கதவிடுக்கில் பிடித்துக் காட்டினான். "பாருங்க சார், அசையுதா?" காகிதம் அசையவில்லை. இனி அந்த ஹாலுக்குள் காற்று வர எங்கும் இடமில்லை. செய்த வேலையில் அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அவனுக்குக் கூலிங் என்று பெயர் வந்ததே இந்தத் திருப்தியால்தான். அந்தக் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே ஆள் கட்டியவை, ஒரே அச்சு. ஒவ்வொரு ஹாலிலும் கூரையை ஒட்டி ஒரு சாண் சதுரத்தில் கம்பி வலை வைத்த ஓட்டை ஒன்று இருந்தது. கேஸ் ஹீட்டர் எரியக் காற்று வேண்டும், எரிந்த புகை வெளியேறவும் வேண்டும் என்று கட்டியவர் வைத்தது அது. வைத்தவர் அதைக் குடிவந்தவர்களிடம் சொல்லாமல் போய்விட்டார். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோடையில் ஏசி போட்டால் குளிர் அந்த வழியாக ஓடிப்போகிறது, தூசி அந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவன் கூலிங். மற்ற ஏசி மெக்கானிக்குகள் அட்டையைச் சொருகிவிட்டுப் போவார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும். இவனோ வலையைக் கழற்றி, பலகையை அளந்து வைத்து, மேலே பட்டி பார்த்து, சுவரின் நிறம் வரும்வரை பெயின்டை நாலு தடவை கலந்து பூசுவான். அங்கே ஒரு ஓட்டை இருந்தது என்று கட்டியவரே வந்து சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். "கூலிங் போடறது பெருசில்ல, போட்ட கூலிங்கை வெளிய விடாம வைக்கணும்," என்பது அவன் எல்லா வீட்டிலும் சொல்லும் பாடம். ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு, ஒரே கோடையில் நாற்பத்தொரு வீடுகளில் அடைத்து முடித்தான். முதலில் அடைத்தது அவனுடைய அக்கா வீட்டில்.

அந்த ஓட்டை எதற்கு என்று அவனுக்குத் தெரியுமா? தொழில் கற்றுக்கொண்ட நாளில் யாரோ சொல்லி அரைகுறையாகக் கேட்டிருந்தான். ஆனால் ஏசிதான் தன் பாடு, ஹீட்டர் கேஸ்காரர் பாடு என்று இருந்துவிட்டான். அந்தக் கேஸ்காரரும் லேசுப்பட்டவரல்ல. குளிர்காலம் தொடங்குமுன் வீடுவீடாக ஹீட்டர் சோதனை அட்டையோடு வருவார். அதில் 'காற்று வழி: உண்டு, இல்லை' என்று ஒரு வரி. வாசலில் நின்றபடியே, "காத்து வர வழி இருக்கில்லம்மா?" என்பார். வீட்டில் எங்கோ ஒரு ஜன்னல் இருக்கத்தானே செய்யும். "இருக்கு," என்று பதில் வரும். 'உண்டு' என்பதில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

போஸ்ட்மாஸ்டர் வீட்டிலிருந்து கூலிங் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். அம்மா போனபிறகு அந்தத் தையல் மெஷினை வைத்துத்தான் அவனை வளர்த்தாள், தொழிலில் சேர்த்துவிட்டாள். அவள் மெஷின் ஓடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா, மெஷினுக்கு லீவா?"

"கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதுடா. ஊசியில நூல் கோக்கறதுக்கே அரை மணி நேரம் ஆகுது. டாக்டர் பிரஷர்னு மாத்திரை குடுத்திருக்காரு."

"மாமா எங்க?"

"உள்ள. நேத்துலேர்ந்து தூக்கந்தான். எழுப்பினா 'ம்'ங்கறாரு, திரும்பிப் படுத்துக்கறாரு. முதுகுவலி மாத்திரை அப்படி அசத்துதோ என்னவோ."

"நல்லா தூங்கட்டும் விடு. லாரி ஓட்டி ஓட்டி உடம்பு அலுத்துப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவள் நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கூலிங்குக்கும் நெற்றிப்பொட்டில் வலி எடுத்தது. ஹீட்டருக்கு மேலே சுவரில் விரல்விரலாகக் கருப்பு படிந்திருந்தது. இங்கேயும் சுடர் மஞ்சள்தான். ஹீட்டரைச் சுத்தம் பண்ணச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. உள்ளே சரியாகக் கேட்காததால் கேட்டருகே போய் நின்று பேசினான். வாடிக்கையாளர் ஒருவர், நீட்டி முழக்கிப் பேசுகிறவர். அவர் பேசி முடிப்பதற்குள் கூலிங்கின் தலைவலி விட்டுவிட்டது. போனைப் பையில் போட்டவன் அப்படியே நின்றான். கடைக்குப் போனா சரியாயிடுது, வீட்டுக்குள்ள வந்தா மறுபடி ஆரம்பிச்சிடுது. காலையில் தான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எந்தத் துணியையும் யாரும் அவ்வளவு நேரம் நிறுத்தாமல் தைப்பதில்லை.

அவன் ஓடினான். அக்கா மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். அவள் கால் மோட்டார் மிதியை அழுத்தியபடி இருந்தது. ஊசி துணியில்லாத இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. ஹீட்டரை அணைத்தான், கதவை உதைத்துத் திறந்தான், அவளை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மாமாவுக்காக மறுபடி உள்ளே போனான். மாமாவின் உடம்பு ஈரத்துணி மாதிரி துவண்டது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள். யாரோ வண்டி கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. இருவருக்கும் ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"கார்பன் மோனாக்சைடு. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ரெண்டு பேரும் அப்படியே போயிருப்பாங்க. ஹீட்டர் இருக்கற ரூம்ல காத்து போக வர வழி இருந்துச்சா?"

கூலிங் வாயைத் திறந்தான். அதற்குள் கேஸ்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் அந்த அட்டை. யாரோ போனில் சொல்லி, அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

"என் மேல தப்பில்ல டாக்டர். பாருங்க, காற்று வழி உண்டுன்னு டிக் அடிச்சிருக்கேன். அந்த அம்மாதான் இருக்குன்னு சொல்லுச்சு, சமையலறை ஜன்னலை நினைச்சு சொல்லியிருக்கும் போல. இப்ப போய்ப் பாத்தா சுவரு வழவழன்னு இருக்கு. ஓட்டையே இல்ல! கட்டினவன் வைக்கவே இல்ல டாக்டர்."

"கட்டினவனைச் சும்மா விடக்கூடாது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "உள்ள தூக்கிப் போடணும்," என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

கேஸ்காரர் கூலிங்கின் பக்கம் திரும்பினார். "நீ அந்த வீட்டுக்குப் போக வர இருக்கறவன். நீயே சொல்லு. அந்தச் சுவத்துல ஓட்டை இருந்துச்சா?"

நாற்பத்தொரு வீடு. ஊரெல்லாம் பேர். பொண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிற வாழ்க்கை. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் அவன் முன்னால் வந்து நின்றது.

"கவனிச்சதில்லண்ணே," என்றான்.

சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தான். போஸ்ட்மாஸ்டர் வீட்டு மஞ்சள் சுடர் கண்ணுக்குள்ளேயே எரிந்தது. பட்டையையும் அடித்துவிட்டு வந்திருக்கிறோம். போன் செய்து ஹீட்டரை அணைக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும். கடைசியில் மனசு கேட்காமல் அவர்கள் வீட்டு எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவனுக்கு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதி வந்தது. வெளியே போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாம்தான் கூப்பிட்டுப் பார்த்தோமே என்றும் சொல்லிக்கொண்டான்.

இப்படியே இரண்டு மணி நேரம் ஓடியது. அக்காவுக்கு நினைவு திரும்பியதும் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் மூக்கிலிருந்த முகமூடியை விலக்கிவிட்டு, மாமாவைப் பற்றிக் கேட்டாள். பிழைத்துவிட்டார் என்றான். அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"அந்த ஹீட்டர் புகைதான்னு நர்ஸ் சொல்லுச்சு. மேல இருந்த ஓட்டைய நீ அடைச்சியே, அதனாலயாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, விடு. கேட்டுத்தானே அடைச்ச, நானும்தானே சரின்னேன். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா நேத்து துணி வாங்க வந்தப்ப இதே தலைவலின்னு சொன்னாங்க. அங்கயும் நீதானே அடைச்சிருக்க? சொல்லிட்டியா அவங்ககிட்ட?"

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தம்பி சொல்லியிருப்பான் என்ற நம்பிக்கையில்தான் கேட்டாள். அந்த நம்பிக்கையைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

வராந்தாவில் கேஸ்காரர் இன்னும் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, ஓட்டை இருந்துச்சு. நான்தான் அடைச்சேன். நாப்பத்தோரு வீட்டுலயும் நான்தான்," என்றான் கூலிங்.

கேஸ்காரர் முகம் வெளிறிப்போயிற்று. "அடப்பாவி, இவ்வளவு நேரம்..." என்று ஆரம்பித்தவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தான் அண்ணாந்து பார்க்காத நாற்பத்தொரு வாசலும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். மேற்கொண்டு திட்டவில்லை. "வண்டிய எடு," என்றார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை, ஆனாலும் தள்ளினால் திறக்கவில்லை. காலையில் அடித்த ரப்பர் பட்டை தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் தோள்கொடுத்து இடித்தார்கள். உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் சோபாவில் போர்வைக்குள் அப்படியே கிடந்தாள், காலையில் அவன் பார்த்த அதே பக்கம் திரும்பியபடி. அவர்கள் அவளை வாசலுக்குத் தூக்கி வந்தபோது தெருவில் போஸ்ட்மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். மனைவியின் தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போனவர், வெளியே உடம்பு தேறியதால் பழைய நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறார். கையில் மருந்துக்கடைக் கவர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான். வெகுநேரம் முயன்று பார்த்தார். பிறகு வெளியே வந்து, "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா," என்று தொடங்கி, போஸ்ட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கூலிங் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதான். சுவரை அடைத்தது, மஞ்சள் சுடரைப் பார்த்தது, கவனிச்சதில்ல என்று சொன்னது, போன் எடுக்காதபோது நிம்மதி வந்தது, ஒன்றைக்கூட விடவில்லை. போஸ்ட்மாஸ்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, மனைவியைக் கிடத்தியிருந்த அறைக்குள் போனார்.

அன்று மாலையே கூலிங்கும் கேஸ்காரரும் வீடுவீடாகப் போய் ஹீட்டரை அணைக்கச் சொன்னார்கள். எல்லோரும் பயந்து அணைத்தார்கள். ஆனால் குளிர் விடவில்லை. மறுநாளே பாதிப்பேர் மறுபடி பற்றவைத்துவிட்டார்கள். ஓட்டையைத் திறக்காமல் இதற்கு முடிவில்லை என்று கூலிங்குக்குத் தெரிந்தது. உளியும் சுத்தியலுமாகக் கிளம்பினான். அவன் செய்த வேலை அவ்வளவு நேர்த்தி, அவனே சுவரைத் தட்டித் தட்டி ஓசை கேட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. கேஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சில வீடுகளில் வழிவிட்டார்கள். சில வீடுகளில் வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அப்புறம் வழிவிட்டார்கள். மூன்றாம் நாள் முற்பகல் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கோடையில வந்து அடைச்சாத்தான் நல்லதுன்னீங்க. இப்ப வந்து உடைச்சாத்தான் நல்லதுங்கறீங்க. உங்க பேச்சை எப்படிங்க நம்பறது? இந்தக் குளிர்ல சுவத்தை உடைச்சிட்டா பிள்ளைக்குச் சளி பிடிக்காதா?"

"தங்கச்சி, குளிருக்குக் கம்பளி போத்திக்கலாம்மா. இது உசிரு. தயவு பண்ணி வழிவிடு."

"நீங்க போங்கண்ணே. அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன்." அவளுக்குப் பின்னால் ஹாலில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. கூலிங் கெஞ்சினான், கைகூப்பினான். பொய்யான வார்த்தைக்கு இதே வாசலில் அவனுக்குத் தேநீர் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்ல வந்தபோது வாசலைத் தாண்ட முடியவில்லை.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. போஸ்ட்மாஸ்டர் உள்ளே வந்தார். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். மூன்று நாளாக அவர் கூலிங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் பேசினார்.

"அம்மா, என்னைத் தெரியும் உனக்கு. என் வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் தெரியும். இவன் மூஞ்சியிலயே முழிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா யாரும் கதவைத் திறக்கமாட்டேங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், வீட்டுல இருக்க முடியல. இவன் இப்ப சொல்றது உண்மை. ஹீட்டர் எரியற வீட்டுல காத்து வழிய அடைக்கக்கூடாது. சுடர் மஞ்சளா எரிஞ்சாலும் சரி, கண்ணாடியில தண்ணி வழிஞ்சாலும் சரி, வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் தலை வலிச்சாலும் சரி, உடனே அணைச்சிட்டு வெளிய வந்திடணும். இத்தனையும் என் வீட்டுல இருந்துச்சும்மா. நாங்க உக்காந்து சிரிச்சிட்டிருந்தோம்."

அந்தப் பெண் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஓடிப்போய் ஹீட்டரை அணைத்தாள், தொட்டிலில் கிடந்த பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். பிள்ளை கண்ணைத் திறந்து, வெயில் பட்டதும் சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்ட பிறகுதான் கூலிங்குக்கு மூச்சே வந்தது.

"சார்," என்றான்.

போஸ்ட்மாஸ்டர் இப்போது அவனை நேராகப் பார்த்தார். "நீ தெரியாம அடைச்சத நான் என்னைக்காவது மன்னிச்சாலும் மன்னிப்பேன். தெரிஞ்சப்புறம் ரெண்டு மணி நேரம் பேசாம உக்காந்திருந்தியே, அத மன்னிக்க என்னால ஆகாது. செஞ்ச தப்பை அப்பவே சொல்லியிருந்தா, அது உங்க அக்கா வீட்டோட நின்னிருக்கும்டா. நீ பேரு கெட்டுடும்னு பயந்து மறைச்ச, அது என் வீட்டுக்கு வந்திடுச்சு. இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் சுவத்தை உடைக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லு. என் வீட்டுக்காரி செத்ததையும் சேத்துச் சொல்லு."

"சொல்றேன் சார்."

"இன்னும் எத்தனை வீடு பாக்கி?"

"பன்னெண்டு சார்."

"நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு, அவர் ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார். "ஏறு."